இனிப்பில் மறையும் வலிமை

விருந்தின் முடிவில் சிறு கிண்ணத்தில் பரிமாறப்படும் இனிய செந்நிற மதுக்களுள் பெயர்பெற்றது போர்ட். போர்த்துக்கல் நாட்டின் வடபால், டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் திராட்சையினின்று அது பிறக்கிறது. அவ்விளைநிலத்துக்கு 1756-ஆம் ஆண்டிலேயே அரசினர் எல்லை வகுத்தனர்.

திராட்சைச் சாறு புளிக்கும்பொழுது அதிலுள்ள சர்க்கரை சாராயச் சத்தாக மாறுகிறது. அம்மாற்றம் முற்றுப்பெறுமுன், நூற்றுக்கு 77 பங்கு வலிமையுள்ள திராட்சைச் சாராயத்தைக் கலந்துவிடுகின்றனர். புளிக்கச் செய்யும் ஈஸ்ட் மடிகிறது. எஞ்சிய சர்க்கரை தங்கிவிடுகிறது. இனிப்பும் வலிமையும் ஒருங்கே அமைவது இவ்வாறுதான்.

உடன் பரிமாறுவதற்கு விதி ஒன்று உண்டு: பண்டம் மதுவைவிட இனிப்பாக இருத்தலாகாது. ஜிலேபியோ ஹல்வாவோ வைத்தால், போர்ட் சுவை குன்றிப் புளிப்பாகத் தோன்றும். உப்புச் சுவையுள்ள ஸ்டில்டன் பாலாடைக்கட்டியோ அதன் இனிப்பை எடுத்துக்காட்டும். ஆங்கிலேயர் நெடுங்காலமாகப் போற்றிவரும் இணை இது. இளமையான ரூபி வகைக்குச் சற்றே கசக்கும் சாக்லேட்டும், மரப்பீப்பாயில் முதிர்ந்த டானி வகைக்கு வாதுமையும் அக்ரூட்டும் பொருந்தும்.

சாதாரணத் திராட்சை மதுவில் சாராயச் சத்து நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு. போர்ட்டிலோ ஏறத்தாழ இருபது. நாவில் இனிப்பு முந்திக்கொள்வதால் வலிமை புலப்படுவதில்லை. பழரசம்போல் அதை ஊற்றிக்கொடுத்தல் தகாது. சிறு கிண்ணம் ஏற்பட்டதே அளவு கருதித்தான். பல வழக்கத்தாரோடு கலந்து உண்ணும் அயல்மாநில வாழ்வில், அருந்துவோர்க்கு அளவைச் சொல்லுதலும், அருந்தாதாரை வற்புறுத்தாமையும் விருந்தோம்பலின் இரு கண்கள்.