நிலாவாரை இலையும் அளவுகோலும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நிலாவாரையை அறியாதார் இவ்வவையில் இலர். திருநெல்வேலிச் சீமையில் விளைந்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கடல் கடந்து, 'டின்னவெல்லி சென்னா' என்னும் பெயரால் அயல்நாட்டு மருந்துக் கடைகளில் விளங்கும் இலை அது. அதனைக் கொய்த கைகளுள் நம் தாய்மாரின் கைகளும் உண்டு. ஆயினும், அதன் தரம் எவ்வாறு அறியப்படுகிறது என்பதைக் கொய்தவர்க்கு எவரும் சொன்னதில்லை. "நிறம் மங்கல்" என்று தரகர் ஒருவர் விலையைக் குறைத்தபோது மறுமொழி கூற இயலாது நின்றவர்களுள் நாமும் இருந்தோம்.

நிறம் பொருளற்றதன்று. ஈரத்தோடு குவித்த இலை சூடேறிக் கறுக்கும். ஆனால் மலத்தை இளக்கும் ஆற்றல் நிறத்தில் இல்லை. சென்னோசைடு என்னும் பொருள்களில் உள்ளது. அவற்றுள் ஏ, பி என்னும் இரண்டை 1941ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் ஸ்டோல் குழுவினர் பிரித்தெடுத்தனர். இவை குறைந்தால் மருந்து பயன் தராது; மிகுந்தால் பேதியாகி உடலின் நீரும் உப்பும் வற்றும். எனவேதான் அளவு வேண்டியதாயிற்று.

இலைத்தூள் 0.15 கிராம் போதும். நீரில் 15 நிமிடம் கொதிக்க வைத்து வடிகட்டுவர். வடிநீரில் சிறிது அமிலம் சேர்த்துக் குளோரோபாமுடன் குலுக்கி, முன்பே சிதைந்து கிடக்கும் ஆந்த்ரகுயினோன்களை நீக்குவர். (இதனைச் செய்யாவிடில் கெட்ட இலையும் நல்ல இலையாகக் கணக்கில் ஏறிவிடும்!) பின்னர்ப் பெரிக் குளோரைடும் ஐதரோகுளோரிக் அமிலமும் சேர்த்துச் சூடாக்க, சென்னோசைடு உடைந்து சர்க்கரை பிரிந்து, ரீன் என்னும் பொருள் உண்டாகும். அதனை ஈதரில் இறக்கி, ஈதரை ஆவியாக்கி, மெத்தனாலில் கரைத்த மக்னீசியம் அசெட்டேட்டைச் சேர்த்தால் அழகிய செந்நிறம் தோன்றும். 515 நானோமீட்டர் ஒளியை அச்செந்நிறம் எவ்வளவு விழுங்குகிறது என்பதைக் கருவி காட்டும். அதிலிருந்து விழுக்காடு கணக்கிடப்படும். ஐரோப்பிய மருந்து நூலின் பல பதிப்புகள் இலைக்கு விதித்த குறைந்த அளவு 2.5 விழுக்காடு. இன்று எச்.பி.எல்.சி. கருவியால் ஒவ்வொரு சென்னோசைடையும் தனித்தனியே அளக்கின்றனர்.

வேதியியல் பயிலும் பிள்ளைகளே! விடுமுறையில் ஊர் செல்லுங்கால், முதற் கொய்தலில் ஒரு பிடியும் கடைசிக் கொய்தலில் ஒரு பிடியும் நிழலில் உலர்த்தி, வயலும் நாளும் குறித்துக் கொணருங்கள். ஈரத்தின் எடையைக் கழிக்க மறவாதீர். ஆசிரியர் முன்னிலையில் மும்முறை அளந்து, கிடைத்த எண்ணை இலை கொய்தவரிடமே முதலில் காட்டுங்கள். ஈதர் எளிதில் தீப்பற்றும். அதனருகே அடுப்பெரிய விடலாகாது.