நாரி நோவுக்குப் படுக்கை மருந்தல்ல

நான் வைத்தியன் அல்ல. டாவோஸில் உள்ள ஹோட்டல் ஒன்றின் துணி கழுவும் பகுதியில் பல வருடங்கள் வேலை செய்தவன். இன்று சொல்லப்போவது நான் பட்டதும், பிறகு வைத்தியர்களிடம் கேட்டு அறிந்ததும்.

2004ஆம் ஆண்டு தை மாதம், உலகப் பொருளாதார மன்றம் கூடிய வாரம். அந்த வாரத்தில் இங்கே விடுப்புக் கேட்பதை நினைத்தும் பார்க்க முடியாது. ஈரத் துவாய்கள் நிறைந்த கூடையைக் குனிந்து தூக்கித் திரும்பினேன். நாரியில் ஏதோ பிடித்தது. அடுத்த நாள் அந்த நோ பிட்டத்தால் இறங்கிக் குதிக்கால் வரை மின்சாரம் போல ஓடியது. ஒருவருக்கும் சொல்லவில்லை. வேலை போனால் வதிவிட அனுமதி என்னாகுமோ என்ற பயம். இந்தப் பயம் உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டு கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தேன். பிறகு எழும்ப முடியாமல் பத்து நாள் படுத்தே கிடந்தேன். இரண்டுமே பிழை.

'டிஸ்க் விலகிவிட்டது' என்கிறோம். உண்மையில் அது விலகுவதில்லை. முள்ளந்தண்டு என்புகளுக்கு இடையே 23 வட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் நுங்கு போல நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே உறுதியான நார் வளையம், உள்ளே களி. வயதாலும் பாரத்தாலும் வளையம் வெடித்தால் களி பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்தும். அதனால்தான் பழுது நாரியில் இருக்க, நோ காலில் தெரிகிறது. பெரும்பாலும் நாரியின் கடைசி இரண்டு வட்டுகளில்தான் இது நடக்கும். வைத்தியர் ஜெர்மன் மொழியில் 'பாண்ட்ஷைபன்ஃபோர்ஃபால்' என்று சொல்வது இதைத்தான்.

நல்ல செய்தி என்னவென்றால், பிதுங்கிய களியைப் பெரும்பாலும் உடலே மெல்ல மெல்லக் கரைத்துவிடுகிறது. 1999இல் நெதர்லாந்தில் இவ்வாறு கால்வரை நோ ஓடிய 183 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் இரண்டு கிழமை படுக்கையில் இருந்தார்கள். மற்றவர்கள் இயன்றளவு நடமாடினார்கள். 12 கிழமைகளின் பின் இரு பகுதியிலும் நூற்றுக்கு 87 பேர் தேறியிருந்தார்கள். படுத்தவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் இல்லை.

இந்த ஊரிலிருந்து இதைச் சொல்வது ஒரு புதுமைதான். டாவோஸுக்குப் பெயர் வந்ததே சயரோக வைத்தியத்தால். அதைத் தொடக்கிய வைத்தியர் அலெக்ஸாண்டர் ஷ்பெங்லர், 1849இல் ஜெர்மனியின் பாடன் புரட்சி தோற்றபின் சுவிஸுக்குத் தப்பி வந்தவர். அவரும் ஓர் அகதி. பின்னாளில் இங்குள்ள சனற்றோரியங்களில் நோயாளர்களை மாடத்தில் மணிக்கணக்காகப் படுக்க வைத்தார்கள். அது நெஞ்சு நோய்க்கு அன்றைய வழி. நாரிக்கு அது பொருந்தாது.

அப்படியானால் என்ன செய்வது? நோ கடுமையான முதல் ஓரிரு நாள், முழங்கால்களை மடித்து, கெண்டைக்காலைக் கதிரையில் வைத்து மல்லாந்து படுக்கலாம். பிறகு ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று நாளுக்குப் பலமுறை நடவுங்கள். நோ மாத்திரையை வைத்தியரிடம் கேட்டு எடுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் கோட்டிசோன் ஊசிக்கு முன் அதைச் சொல்லுங்கள், அந்த ஊசி சீனியைக் கூட்டும். வைத்தியர் எழுதித் தந்தால் அடிப்படைக் காப்புறுதியில் ஒரு தடவைக்கு 9 பிசியோ அமர்வுகள் வரை கிடைக்கும். உங்கள் ஃபிரான்சைஸும் பங்குத்தொகையும் கழியும். சுமையை உடலோடு அணைத்து, முழங்காலை மடித்துத் தூக்குங்கள். நாரியை முறுக்காமல் பாதத்தால் திரும்புங்கள். கட்டில் விரிக்கும் சகோதரிகளே, எட்டி இழுக்காமல் கட்டிலைச் சுற்றி நடவுங்கள்.

எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துக் கலங்கவும் வேண்டாம். 2015இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, நோவே இல்லாத 20 வயதினரிலும் நூற்றுக்கு 29 பேருக்கு வட்டுப் பிதுக்கம் படத்தில் தெரிகிறது. கிழமைகள் பல கடந்தும் கால் நோ தாங்கமுடியாமல் இருந்தாலோ, காலின் பலம் குறைந்துகொண்டு போனாலோ சத்திரசிகிச்சை பற்றிப் பேச வேண்டும். இதே டாவோஸில் ஏ.ஓ. ஆராய்ச்சி நிறுவனத்தில் மாட்டு வாலின் வட்டுகளை உயிரோடு வைத்து, பாரம் ஏற்றி இறக்கி ஆராய்கிறார்கள். ஆனாலும் பழைய வட்டைப் புதிதாக்கும் மருந்து இன்னும் இல்லை. அப்படி விளம்பரம் செய்து எண்ணெயோ மாத்திரையோ விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அன்று வைத்தியரிடம் 12 வயது மகளை மொழிபெயர்க்கக் கூட்டிப்போனேன். வைத்தியர் ஏதோ கேட்டார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. நான் விளங்காமலே 'இல்லை' என்று தலையாட்டினேன். சலம் போவதில் சிக்கல் உண்டா, மறைவிடத்தில் மரத்துப்போயிருக்கிறதா என்பதுதான் கேள்வி என்று வருடங்கள் கழித்தே மகள் சொன்னாள். எனக்கு அப்படி எதுவும் இருக்கவில்லை, அது என் அதிர்ஷ்டம். இருந்திருந்தால் அந்தப் பொய்த் தலையாட்டல் என்னை ஆயுள் முழுக்க முடமாக்கியிருக்கும்.

சலம் வராமல் நிற்பது அல்லது தெரியாமல் போவது, மலம் அடக்கமுடியாமை, தொடைகளுக்கு இடையில் மரத்துப்போதல், இரண்டு கால்களும் சோர்தல், இவற்றில் ஒன்று வந்தாலும் காலை வரை காத்திருக்கக்கூடாது. உடனே 144ஐ அழையுங்கள். பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலும், நாரி நோவோடு காய்ச்சல் வந்தாலும் அன்றே வைத்தியரிடம் போங்கள். இதில் வெட்கத்துக்கு இடமில்லை. பிள்ளையைக் கூட்டிப்போகாமல், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

வேலைத்தலத்துக்கும் மறைக்காதீர்கள். முதல் நாளே வைத்தியச் சான்றிதழ் எடுங்கள். தொடர்ந்து 30 நாள் வேலைக்குப் போக முடியாவிட்டால் ஐ.வி. அலுவலகத்தில் முற்கூட்டிய பதிவு செய்யலாம். அது பென்சன் கேட்பதல்ல, வேலையைக் காப்பாற்றிக்கொள்ள உதவி கேட்பது.

அந்த இளவேனிலில் நான் ஏரிக்கரையில் நடக்கத் தொடங்கினேன். முதல் நாள் இரண்டு வாங்குகளுக்கு இடையிலான தூரம்தான். ஆடி மாதம் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். நீங்களும் நடவுங்கள் நேயர்களே.