போலீஸ் நம்மைப் பார்க்கிறது. போலீஸை யார் பார்ப்பது?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பகல் ஷிப்டு முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே வந்திருக்கிறீர்கள். நடவு முடித்துக் கால் சேறு காயாமல் வந்திருக்கும் சகோதரிகளும் இருக்கிறார்கள். ஆகவே வளர்த்தாமல் விஷயத்துக்கு வருகிறேன்.

ஊரில் குண்டு வெடிக்கக்கூடாது. மதத்தின் பேரால், சாதியின் பேரால் ஒருவன் இன்னொருவனை வெட்டக்கூடாது. இதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் கிடையாது. கலகம் வந்தால் முதலில் அடைபடுவது மில் கேட்டு. முதலில் நின்றுபோவது நம் கூலி. முதலில் எரிவது நம் குடிசை. முதலாளியின் பங்களாவுக்கு ஒரு கீறலும் விழுவதில்லை.

இதைத் தடுப்பதற்குச் சர்க்கார் என்ன சொல்கிறது? "போலீஸைப் பலப்படுத்துகிறோம், பொதுமக்களே, சந்தேகப்படும்படி யாரையாவது கண்டால் ஸ்டேஷனில் வந்து சொல்லுங்கள்" என்கிறது. நல்லது. அமைதி காப்பது நம் கடமையும்தான். ஆனால் ஒரு கேள்வி கேட்கிறோம். போலீஸ் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் போலீஸை யார் பார்ப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எந்த ஊரிலும் வன்முறையை வேரறுக்க முடியாது. இது வெறும் மேடைப் பேச்சல்ல. மூன்று ஊர்களின் அனுபவத்தைச் சொல்கிறேன். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

முதலாவது கோயமுத்தூர். பஞ்சாலைத் தொழிலாளியின் வியர்வையால் வளர்ந்த நகரம். 1997 நவம்பர் 29 அன்று உக்கடத்தில், கடமையில் இருந்த ஒரு போலீஸ்காரரைத் தீவிரவாதக் கும்பலைச் சேர்ந்தவர்கள் குத்திக் கொன்றார்கள். கொடிய கொலை. கொலைகாரர்களைப் பிடித்துக் கூண்டில் நிறுத்த வேண்டியது போலீஸின் வேலை. நடந்தது என்ன? போலீஸாரில் ஒரு பகுதியினர் வேலையை நிறுத்தி வீதிக்கு வந்தார்கள். வகுப்புவெறிக் கும்பல்கள் கடைகளைச் சூறையாடின, தீ வைத்தன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலும் கும்பல்களின் தாக்குதலிலும் 18 முஸ்லிம்கள் மாண்டார்கள். அடிபட்டவர்கள் போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரி வாசலிலும் தாக்குதல் நடந்தது. ஒருவன் செய்த குற்றத்துக்கு ஒரு சமூகமே தண்டம் கட்டியது.

எண்ணி இரண்டரை மாதம். 1998 பிப்ரவரி 14 அன்று நகரமெங்கும் தொடர்ந்து குண்டுகள் வெடித்தன. 58 பேர் மாண்டனர். 200-க்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். ரயில் நிலையத்திலும் ஆஸ்பத்திரியிலும் கடைவீதியிலும் செத்தவர்கள் யார்? சாமானியர்கள், தோழர்களே! முந்தின நவம்பரில் துப்பாக்கி பிடித்தவர்களும் அல்ல, தீ வைத்தவர்களும் அல்ல.

இங்கே ஒன்றை உறுதியாகச் சொல்லிக்கொள்கிறேன். குண்டு வைத்தவனுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. எந்த மக்களுக்காகப் பழி வாங்குவதாக அவன் சொல்லிக்கொண்டானோ, அந்த மக்களையே அவன் இன்னும் பெரிய துன்பத்தில் தள்ளினான். 2007-இல் தனிக் கோர்ட்டு 158 பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 43 பேருக்கு ஆயுள் தண்டனை. ஆனால் அதே வழக்கில் கேரளத்து அரசியல் தலைவர் ஒருவர் 9 ஆண்டுக்கு மேல் சிறையில் கிடந்து, கடைசியில் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். அந்த 9 ஆண்டை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

இரண்டாவது பம்பாய். அங்கேயும் இதே வரிசைதான். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த கலவரத்தில் 900 பேர் மாண்டதாக நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் கணக்கிட்டது. போலீஸாரில் 31 பேரைக் கமிஷன் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டியது. கலவரம் ஓய்ந்த இரண்டு மாதத்தில், 1993 மார்ச் 12 அன்று குண்டுகள் வெடித்து 257 பேர் பலியானார்கள்.

இரண்டு ஊரிலும் வரிசையைக் கவனியுங்கள். கலவரம், போலீஸ் ஒரு பக்கம் சாய்கிறது, நியாயம் கேட்கப் போன கதவு சாத்தப்படுகிறது, அந்தச் சாத்திய கதவுக்கு முன்னால் குண்டு வைப்பவன் வந்து நின்று, "கோர்ட்டு உனக்கில்லை, சர்க்கார் உனக்கில்லை, என்னோடு வா" என்று வாலிபனை அழைக்கிறான். தீவிரவாதி ஆள் பிடிக்கிற இடம் இதுதான். அந்தக் கதவைத் திறந்து வைப்பதுதான் தடுப்பு வேலை. மற்றதெல்லாம் வெடித்த பிறகு சாம்பல் அள்ளுகிற வேலை.

மூன்றாவது ஊர், பம்பாய்க்குப் பக்கத்திலுள்ள பிவண்டி. விசைத்தறி நகரம். வடக்கேயிருந்து வந்த முஸ்லிம் நெசவாளியும், தெலுங்கு நாட்டிலிருந்து வந்த பத்மசாலி நெசவாளியும் அடுத்தடுத்த தறியில் நிற்கும் ஊர். 1970-இலும் 1984-இலும் அங்கே ரத்தம் ஆறாக ஓடியது. ஆனால் 1992 டிசம்பரில், பம்பாய் பற்றி எரிந்தபோது, பிவண்டி எரியவில்லை! ஏன்?

1988-இல் அங்கே பொறுப்பேற்ற சுரேஷ் கோப்டே என்ற போலீஸ் அதிகாரி, பேட்டைக்குப் பேட்டை மொஹல்லா கமிட்டிகளை அமைத்தார். இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து அமர்ந்த கமிட்டிகள். போலீஸ்காரரும் அந்தப் பாயில் வந்து உட்கார வேண்டும். அண்டை வீட்டுச் சண்டை முதல் ஊர்வலம் போகும் பாதை வரை பேசித் தீர்த்தார்கள். தினந்தோறும் சந்தித்துப் பழகியதால் வதந்தி வந்த அன்றைக்கு, "இது பொய், நான் அந்தத் தெருவிலிருந்துதான் வருகிறேன்" என்று சொல்ல எல்லாப் பேட்டையிலும் ஆள் இருந்தது. நெருப்பு வந்தது, பற்றிக்கொள்ள வைக்கோல் இல்லை.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. கோப்டே மாற்றலாகிப் போய் ஆண்டுகள் கழிந்தன. 2006 ஜூலை 5 அன்று அதே பிவண்டியில், ஒரு போலீஸ் ஸ்டேஷன் கட்டும் இடம் பற்றிய தகராறு முற்றியது. போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தனர். அன்றிரவு போலீஸ்காரர்கள் இருவரைக் கும்பல் கொன்றது. நான்கு ஏழைக் குடும்பங்களில் அடுப்பு அணைந்தது. ஊராரோடு உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்க வேண்டிய ஒரு கட்டடத் தகராறுக்கு நான்கு உயிர்! இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? நல்ல அதிகாரியின் நல்ல மனதை நம்பி நிற்கும் ஏற்பாடு, அவருடைய மாற்றல் உத்தரவோடு பஸ் ஏறிப் போய்விடும். சட்டத்தில் எழுதிய உரிமையும், அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மக்கள் ஸ்தாபனமும் இருந்தால்தான் அது நிலைக்கும்.

கமிட்டி என்றால் எல்லாக் கமிட்டியும் ஒன்றல்ல, தோழர்களே. இரண்டு விதம் உண்டு. ஒன்று, போலீஸுக்குக் கண்ணும் காதுமாக இருந்து அண்டை வீட்டானைப் பற்றிச் சேதி கொடுக்கும் கமிட்டி. மற்றொன்று, போலீஸை எதிரே உட்காரவைத்து "ஏன் செய்தாய்?" என்று கேட்கும் கமிட்டி. முதலாவது பெருகினால் அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் அஞ்சுவார்கள். தன் மகன் தவறான வழியில் போகிறான் என்று தாய்க்குத் தெரிந்தாலும் வாய் திறக்கமாட்டாள். திறந்தால் மகன் திரும்பி வருவானா என்ற பயம்.

நம் மாநிலத்தில் 1993 முதல் "போலீஸின் நண்பர்கள்" என்ற அமைப்பு இருந்தது. போலீஸுக்கு உதவலாம், போலீஸைக் கேள்வி கேட்கும் அதிகாரம் அதற்கு இல்லை. 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு மாண்டபோது அந்த அமைப்பைப் பற்றியும் குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலை மாதத்தில் சர்க்காரே அதைத் தடை செய்தது.

வெளிநாட்டிலும் இதே அனுபவம்தான். 2010-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் முஸ்லிம் உழைப்பாளிகள் வாழும் பகுதிகளில் 200-க்கு மேற்பட்ட கேமராக்களை நட்டார்கள். திருட்டைத் தடுக்க என்று ஜனங்களுக்குச் சொன்னார்கள். பணம் வந்ததோ பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து! உண்மை வெளிவந்ததும் மக்கள் கிளர்ந்தார்கள். போலீஸ் மன்னிப்புக் கேட்டது, கேமராக்கள் இறக்கப்பட்டன. ஒற்றுமையாகக் கேட்டால் போலீஸும் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சரி, நம் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது? 2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, ஒவ்வொரு மாநிலத்திலும், ஒவ்வொரு மாவட்டத்திலும் போலீஸ் மீதான புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்றது. மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தலைவர். நம் மாநிலச் சர்க்கார் 2013-இல் இயற்றிய சட்டம் என்ன செய்தது? மாவட்டத் தலைவராகக் கலெக்டரைப் போட்டது. உறுப்பினராகப் போலீஸ் சூப்பிரண்டையே உட்கார வைத்தது! களவு போன ஆட்டைப் பற்றி ஓநாயிடமே மனுக் கொடு என்பது போல இருக்கிறது இது. நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே என்ன நியாயம் கிடைக்கும்?

இன்னொன்று. சாத்தான்குளம் ஸ்டேஷனில் கேமரா இருந்தது. ஆனால் பதிவுகள் தினந்தோறும் தானாக அழிந்துபோகும்படி வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டு அறிக்கை கொடுத்தார். அந்த இருட்டிலும் உண்மை வெளிவந்தது எப்படி? அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் ஏட்டு, துணிந்து வாக்குமூலம் கொடுத்தார். காக்கிச் சட்டைக்குள்ளும் மனசாட்சி உண்டு, தோழர்களே. சாதாரணப் போலீஸ்காரன் நம் குடியானவன் வீட்டுப் பிள்ளை. அவனை நாம் பகைக்கவில்லை. அவன் கையிலிருக்கும் லத்தி சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்கிறோம்.

அந்த ஆண்டு டிசம்பர் 2 அன்று சுப்ரீம் கோர்ட்டு, எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைத்து, பதிவுகளை 18 மாதம் வரை, எப்படியும் ஓராண்டுக்குக் குறையாமல், காத்து வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மாவட்டந்தோறும் மேற்பார்வைக் குழு அமைத்து, அதில் நகரத்தின் மேயரோ மாவட்டப் பஞ்சாயத்துத் தலைவரோ இருக்க வேண்டும் என்றும் சொன்னது. ஜனங்கள் ஓட்டுப் போட்ட ஆளுக்கு ஸ்டேஷன் பதிவைப் பார்க்கும் அதிகாரம்! எத்தனை பேருக்கு இது தெரியும்? உங்கள் மாவட்டத்தில் அந்தக் குழு எத்தனை முறை கூடியது என்று யாராவது கேட்டதுண்டா?

நம் பக்கத்துக் குறையையும் ஒளிக்காமல் சொல்கிறேன். போனஸுக்கும் பஞ்சப்படிக்கும் கேட்டில் கூடினோம். பக்கத்துத் தறிக்காரன் வீட்டுப் பிள்ளை யாரோடு திரிகிறான், ஏன் கசந்து போயிருக்கிறான் என்று கேட்க மறந்தோம். மில்கள் மூடிய காலத்தில் வேலையற்ற வாலிபனுக்குச் சங்கக் கொட்டகையில் இடம் இல்லாமல் போயிற்று. மதவெறியன் தன் கொட்டகையில் இடம் கொடுத்தான்.

ஆயினும் நம்பிக்கை இழக்க வேண்டாம். 2022 அக்டோபர் 23 அன்று, தீபாவளிக்கு முதல் நாள், கோயமுத்தூரில் கோட்டை ஈசுவரன் கோயில் முன்னால் ஒரு கார் வெடித்து அதிலிருந்தவன் மாண்டான். முன்பே, 2019-இல், தேசியப் புலனாய்வு முகமை விசாரித்து விட்ட ஆள்தான். கோப்பு மட்டும் குண்டைத் தடுக்காது என்பதற்கு இது சாட்சி. ஆனால் இம்முறை ஊர் எரியவில்லை. சில நாளில் ஜமாஅத் பிரதிநிதிகள் அந்தக் கோயிலுக்கே போய்ச் சந்தித்துப் பேசினார்கள். 1997-ஐ அந்த நகரம் மறக்கவில்லை.

ஆகவே நாம் செய்ய வேண்டிய காரியங்கள் நான்கு.

முதலாவதாக, ஒவ்வொரு பேட்டையிலும் ஒவ்வொரு சேரியிலும் எல்லா மதத்தாரும் எல்லாச் சாதியாரும், முக்கியமாகப் பெண்களும் இருக்கும் அமைதிக் கமிட்டி அமைப்போம். கலவரம் வந்த பிறகு அல்ல, இன்றைக்கே. அது யாரையும் காட்டிக் கொடுக்கும் கமிட்டியாக இருக்காது. வதந்தியை விசாரிக்கும், வழி தவறும் பிள்ளையை அழைத்துப் பேசும். ஆனால் கொலைக்கோ குண்டுக்கோ ஆயத்தம் நடப்பது தெரிந்தால், ஒளிக்காமல் எழுத்தில் புகார் கொடுக்கும்.

இரண்டாவதாக, கைதில் உள்ள உரிமையை மனப்பாடம் செய்வோம். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, கைதுக் குறிப்பு எழுத வேண்டும். குடும்பத்தாரோ ஊராரில் மதிப்புள்ள ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். 37-ஆம் பிரிவுப்படி, கைதானவர் விவரம் ஸ்டேஷனில் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்த வேண்டும். யாரைப் பிடித்தாலும், எந்த மதத்தானாக இருந்தாலும், இரவானாலும், கமிட்டியிலிருந்து இருவர் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.

மூன்றாவதாக, கேமரா மேற்பார்வைக் குழு எப்போது கூடியது, என்ன பார்த்தது என்று மேயரிடமும் மாவட்டப் பஞ்சாயத்துத் தலைவரிடமும் மனுக் கொடுத்துக் கேட்போம்.

நான்காவதாக, புகார் ஆணையத்திலிருந்து அதிகாரிகள் விலகி நீதிபதி தலைமையில் சுதந்திரமான ஆணையம் அமைய, 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தப் போராடுவோம்.

தோழர்களே! இரவு ஷிப்டுக்குப் போகிறவன் திரும்பி வருவான் என்று மனைவி நிம்மதியாகத் தூங்க வேண்டும். போலீஸ் ஜீப் தெருவில் நுழைந்தால் தாய் மகனை ஒளிக்காமல், வந்த காரியம் என்ன என்று நிமிர்ந்து கேட்க வேண்டும். அந்த ஊரில் குண்டு வைப்பவனுக்கு ஆள் கிடைக்காது. அந்த ஊரை நமக்காக வேறு யாரும் கட்டித் தரமாட்டார்கள். நாம்தான் கட்ட வேண்டும். இன்றிரவே உங்கள் தெருவில் ஆரம்பியுங்கள்!

ஓங்குக உழைப்பாளி மக்கள் ஒற்றுமை!