ஸ்லைடும் கவர் ஸ்லிப்பும் வாங்கும்போது
(ஊரூர் ஒல்காட் குப்பத்தில் ஆற்றிய உரை)

இறால், மீன் வளர்க்கும் உழவர் பெருமக்களே!

இக்குப்பத்துக்கு வடக்கே அடையாற்று முகத்துவாரம். அந்நீரில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால், உங்கள் குளத்து நீரைப் போலவே பாசிகளும் நுண்ணுயிர்களும் தெரியும். ஆனால் காற்றுக் குமிழியையும் உப்புப் படிகத்தையும் நோய்க்கிருமி என்று எண்ணி மருந்து ஊற்றினால் பணம் வீண்.

ஸ்லைடு 75 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலம், சுமார் 1 மி.மீ. கனம் இருக்கட்டும். அதைவிடக் கவர் ஸ்லிப்பின் கனமே முக்கியம். 40 மடங்கு லென்சுகள் பெரும்பாலும் 0.17 மி.மீ. கனத்துக்கே அமைக்கப்பட்டவை, கனம் மிகுந்தால் உருவம் மங்கும். எனவே 1.5 எண் என்று கேட்டு வாங்குங்கள்.

கவர் ஸ்லிப்பைச் சாய்த்து, மெல்ல இறக்கினால் குமிழி குறையும். உப்புநீர் காயுமுன் ஸ்லைடை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஐயமிருந்தால், மருந்து வாங்குமுன் சோதனைக்கூடத்தில் காட்டுங்கள்.