மன்னிப்பை யாரிடம் கேட்பது?

(புதுக்கோட்டையில் நடந்த கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



மனந்திரும்புதலும் மன்னிப்பும் என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நான் இறையியல் படித்தவன் அல்ல. இந்த மாவட்டத்தில் ஒரு பங்கின் தலித் தெருவில் பிறந்தவன். நான் ஞானஸ்நானம் பெற்ற அன்று மேலத்தெருப் பிள்ளைகள் இருவருக்கும் அதே தொட்டியில்தான் கொடுத்தார்களாம். தண்ணீர் ஒன்றுதான். ஞானத்தகப்பன்மார் மட்டும் தெருவுக்குத் தெரு வேறு. ஒரு தெருக்காரர் இன்னொரு தெருப் பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றதை எங்கள் கோயிலில் நான் இதுவரை பார்த்ததில்லை.

இது நேற்று வந்த வழக்கம் அல்ல. நம் மாவட்டத்து ஆவூரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மதுரை மிஷனின் முக்கியமான ஊர். வீரமாமுனிவர் பணியாற்றிய இடம் என்று பெருமையாகச் சொல்கிறோம். அவருக்கு முன், 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே இருந்தவர் போஷே என்ற பிரெஞ்சு சேசு சபைக் குரு. அந்தக் காலத்து ஞானஸ்நானத்தில் குரு தன் எச்சிலை விரலால் தொட்டு, ஞானஸ்நானம் பெறுபவரின் காதிலும் மூக்கிலும் வைப்பார். இயேசு ஒரு செவிடனைக் குணமாக்கியதன் நினைவு அது. எச்சில் தீட்டு என்று மேல்சாதியார் முகம் சுளித்தார்கள். குருக்கள் அந்தச் சடங்கையே விட்டுவிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. பறையர் வீட்டில் ஒருவர் சாகக் கிடந்தால் குரு உள்ளே போகமாட்டார். பாவசங்கீர்த்தனமும் அவஸ்தைபூசுதலும் வேண்டுமென்றால் நோயாளியை வெளியே தூக்கிவர வேண்டும்.

போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் 1704இல் இந்த இரண்டையும் தடை செய்து ஆணை போட்டார். எச்சில் சடங்கை விடக்கூடாது, பறையர் வீட்டுக்குள் போயே ஆகவேண்டும் என்றார். அதை எதிர்த்து முறையிட ரோமுக்குக் கப்பலேறிய இருவரில் ஒருவர் நம்முடைய ஆவூர் போஷேதான். நாற்பது ஆண்டு வழக்காடினார்கள். கடைசியில் 1744இல் பதினான்காம் பெனடிக்ட் போப் எச்சில் சடங்குக்குப் பத்தாண்டு விலக்கு கொடுத்தார். பறையருக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் ஒப்புக்கொண்டார். மேல்சாதியாருக்கு மனம் நோகக் கூடாது என்று சடங்கை வளைத்தார்கள். அவர்களை மனந்திரும்பச் சொல்லவில்லை.

சின்ன வயதில் புதுநன்மைக்கு முன்னால் எங்களுக்குப் பாவப் பட்டியல் சொல்லிக்கொடுப்பார்கள். பொய் சொன்னாயா, திருடினாயா, ஞாயிறு பூசைக்குப் போகாமல் இருந்தாயா? சாதி பார்த்தாயா என்று ஒரு கேள்வி அதில் கிடையாது. மேலத்தெருப் பையன் முழந்தாளிட்டு, மாங்காய் திருடியதைச் சொல்லி மன்னிப்புப் பெற்று, எழுந்து போய் எங்களுக்குத் தள்ளி உட்காருவான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது பாவம் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லையே!

அரசாங்கத்தின் கணக்கு வேறு மாதிரி. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி ஞானஸ்நானம் பெற்ற தலித், பட்டியல் சாதி ஆகமாட்டார். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கைக்குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானத்தையும் சாட்சியாக எடுத்துக்கொண்டுதான் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதிச் சான்றிதழ் கிடையாது என்றது. ஆக, தண்ணீர் ஊற்றினால் சான்றிதழில் சாதி போய்விடுகிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் போகவில்லை. பிணங்களுக்கு நடுவே அங்கே சுவர் எழுப்பியிருந்தார்கள். 2010இல் அதன் ஒரு பகுதியை இடித்தவர்கள் பெரியார் தொண்டர்கள், விசுவாசிகள் அல்ல.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள், ஆனால் தலைமையில் அவர்கள் மிகக் குறைவு என்று அவர்களே எழுதினார்கள். அதை நான் நல்ல பாவசங்கீர்த்தனம் என்றே சொல்வேன். ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் பரிகாரம் என்று ஒன்று உண்டு அல்லவா? சக்கேயு மனந்திரும்பியபோது அழுதுகொண்டு நிற்கவில்லை. ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். அதற்குப் பிறகுதான் இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்றார் இயேசு.

என் அப்பா இறந்தபோது பங்கின் தூம்பா வண்டியை எங்கள் தெருவுக்குத் தரவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு போனோம். பெரிய வியாழனுக்கு முன்னால் சமாதானக் கூட்டம் போட்டார்கள். இரண்டு தெருவும் ஒருவரையொருவர் மன்னிக்க வேண்டும் என்றார் குருவானவர். என் சித்தப்பா எழுந்து, "சாமி, மன்னிக்கிறதுக்கு நாங்க தயார்தான். ஆனா அவங்க இன்னும் கேக்கவே இல்லையே" என்றார். கூட்டம் அதோடு முடிந்தது. மேலத்தெருப் பெரியவர் ஒருவர் மட்டும் வெளியே வந்து சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் பேசவில்லை. அவரால் அவ்வளவுதான் முடிந்தது என்று நினைக்கிறேன்.

தூம்பாக் கொட்டகையின் சாவி இப்போதும் மேலத்தெருவில்தான் இருக்கிறது. வருகிற பங்குப் பேரவைக் கூட்டத்தில் அந்தச் சாவியைக் கேட்கப் போகிறோம். இங்கே இருக்கும் அருட்பணியாளர்கள் அன்று எங்களோடு வந்து உட்கார வேண்டும்.