விலை கூடிய கம்ப்யூட்டர் வேண்டுமா?

கல்லூரி சேரும் பிள்ளைகள் ஆப்பிள் மேக்புக் கேட்கிறார்கள். வாங்கலாமா?

மேக்கில் கம்ப்யூட்டரும் மென்பொருளும் ஒரே கம்பெனியுடையவை. 2020 நவம்பரிலிருந்து சிப்பும் அவர்களுடையதே. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. அதனால் சூடு குறைவு, பேட்டரி நெடுநேரம் நிற்கும். ஆனால் மேக்புக்கில் மெமரியைப் பின்னால் கூட்ட முடியாது. வாங்கும்போதே முழுப்பணம் கட்டவேண்டும்.

ராஜபாளையம் மில்லிலோ ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடையிலோ கணக்கு எழுதப் போகிற பி.காம். பிள்ளைக்கு டாலி தெரியவேண்டும். டாலி விண்டோஸுக்கானது, மேக்கில் நேரடியாக ஓடாது. வீடியோ எடிட்டிங் படிக்கிற பிள்ளைக்கு மேக் கொடுத்த காசுக்கு உழைக்கும்.

வருமான வரிக் கணக்கில் எந்தக் கம்ப்யூட்டருக்கும் ஆண்டுத் தேய்மானம் 40 சதவீதம். தேய்கிற பொருளுக்குக் கடன் வாங்காதீர்கள். முதலில் படிப்பைக் கேளுங்கள். பிறகு விலையைக் கேளுங்கள்.