சிப்பாய் குதாதாத் கானின் தீரம்

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



யுத்தகளத்தில் விளங்கும் தீரத்தையும், அதற்கு அளிக்கப்பெறும் பதக்கங்களையும் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல முன்வந்தோம்.

விக்டோரியா சிலுவை என்னும் பதக்கம் 1856-ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. அது பொன்னன்று, வெள்ளியுமன்று, வெண்கலமே. ஆயினும் பிரிட்டிஷ் சேனையில் வீரத்திற்கு அதனினும் மேலான விருது கிடையாது. இந்தியச் சிப்பாய்களுக்கோ 1911-ஆம் வருஷம் வரையில் அஃது எட்டாக்கனியாகவே இருந்தது. அவர்களுக்கெனக் கும்பினியார் 1837-இல் ஏற்படுத்திய விருது வேறு. ஒரே களத்தில் மார்பு காட்டி நின்றவர்க்கும் பிறப்பை நோக்கியே பதக்கம் வேறுபட்டது.

அத்தடை நீங்கி மூன்று வருஷங்கள் சென்றன. 1914 அக்டோபர் 31-ஆம் தேதி, பெல்ஜியத்தில் ஹாலபெக் என்னும் ஊரருகே, 129-வது பலூச்சிப் பட்டாளத்தார் ஜெர்மானியரை எதிர்த்து நின்றனர். அவர்தம் யந்திரத் துப்பாக்கிகள் இரண்டனுள் ஒன்று பீரங்கிக் குண்டினால் சிதைந்தது. தலைமை வகித்த துரையும் காயமுற்றார். எஞ்சிய துப்பாக்கியை இயக்கியோருள் ஐவர் மாண்டனர். ஆறாமவரான குதாதாத் கான், தாமும் காயமுற்றிருந்தும், தனித்து நின்று சுட்டுக்கொண்டேயிருந்தார். அவர் இறந்தாரென்றெண்ணிப் பகைவர் விட்டகல, ஊர்ந்து சென்று தம் பட்டாளத்தைச் சேர்ந்தார்.

இன்று பாகிஸ்தானைச் சேர்ந்த சக்வால் பிரதேசத்துச் சிற்றூரொன்றில் பிறந்த அவர்க்கு அப்போது வயது 26. 1915 ஜனவரியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தம் கையாலேயே அவர்க்கு விக்டோரியா சிலுவையை அணிவித்தார். அப்பதக்கத்திற்குரிய செயல் புரிந்த முதல் இந்தியச் சிப்பாய் அவரே. பின்னர் சுபேதார் பதவி பெற்று, 1971-இல் காலமானார்.

அன்பர்களே! அவர் பெயரை உலகம் அறியும். உடனின்று மாண்ட ஐவர் பெயரை அறிவார் மிகச் சிலரே. பதக்கம் வீரத்திற்குச் சாட்சியேயன்றி, அதன் அளவுகோலாகாது. 1911-க்கு முன் மாண்ட சிப்பாய்களின் தீரம் குறைந்ததோ? குறைந்தது அளித்தவர் நோக்கேயாம்.

இக்குறை பிறரிடத்து மட்டுந்தானா உளது? நம்மவர் செய்ததாயின் மலையென்றும், அயலார் செய்ததாயின் தினையென்றும் நாமும் பேசுகின்றோமல்லவா? குலத்தின்பால் அன்பு நன்று. அது கண்ணை மறைத்தல் நன்றன்று. ஆகலின், நம் சங்கத்தார் பரிசளிக்குங்கால் செயலையே நோக்குவோமாக. பட்டாளத்தில் உயிர் நீத்தவர் குடும்பம் நம் ஊரில் இருப்பின், அவர் எக்குலத்தவராயினும், பதக்கம் உண்டோவென்று வினவாமல் அவ்வாயிலில் சென்று நிற்போமாக.